ஈய மணலில் ஒளிந்திருந்த கதிரியக்கம்: புக்கிட் மேராவில் நடந்தது என்ன?

கதிரியக்கக் கழிவு என்றதும் ஜப்பானும் ரஷ்யாவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள புக்கிட் மேரா புதுக் கிராமத்து மக்களுக்கோ அது வீட்டு வாசலில் நின்ற பிரச்சினை.

ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கனமான மணலை அமாங் என்பார்கள். அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைப்பதும் இதேதான். மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்து எடுப்பார்கள். நல்ல விலை போகும். விலை போகாத தோரியம் கழிவோடு தங்கிவிடும். அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் பங்கு வைத்திருந்த ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் புக்கிட் மேராவில் இந்த வேலையைத் தொடங்கியது. கழிவைப் பாப்பானில் புதைக்கத் திட்டமிட்டபோது, 1984இல் அங்குள்ள மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1985இல் புக்கிட் மேராவாசிகள் எட்டுப் பேர் நீதிமன்றம் போனார்கள். பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வருகிறது என்றார்கள் ஊர் மக்கள்; ஆலை மறுத்தது. 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. வழக்கில் வென்ற ஆலை, 1994இல் தானாகவே மூடிக்கொண்டது!

தோரியம் தண்ணீரில் எளிதில் கரையாதே, பிறகென்ன பயம் என்று கேட்கலாம். தோரியம் சிதையும்போது ரேடியம் உண்டாகிறது. அது தண்ணீரோடு நகரக்கூடியது. வேதியியலில் ரேடியம் கால்சியத்துக்கு உறவுக்காரன். உடலுக்குள் போனால், கால்சியம் என்று நம்பி எலும்பு அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

இந்த ஏமாற்று வேலை செம்பனைக்கு உரம் போட்டவர்களுக்கு எளிதில் புரியும். பசிபிக் பெருங்கடலில் உள்ள பிகினி தீவுகளில் அமெரிக்கா 1946 முதல் 1958 வரை 23 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. 1968இல் ‘இனி பயமில்லை’ என்று அறிவித்தார்கள். சில குடும்பங்கள் திரும்பிப் போய், இளநீரும் தேங்காயுமாக வாழ்ந்தன. பவழ மண்ணில் பொட்டாஷ் சத்து மிகக் குறைவு. பசித்த தென்னை, பொட்டாஷ் போலவே இருக்கும் கதிரியக்க சீசியத்தை உறிஞ்சிக் காயில் ஏற்றியது. அந்தத் தேங்காயைத் தின்ற நண்டிலும் அது ஏறியது. கிணற்று நீரிலும் கதிரியக்கம் தெரிந்தது. 1978இல் மக்களை மறுபடி வெளியேற்றினார்கள். கடலில் பொட்டாசியம் தாராளமாக இருப்பதாலும், நீர் கலந்து ஓடுவதாலும், மீனைவிடத் தேங்காய்தான் அங்கே பெரிய ஆபத்தானது. பிறகு விஞ்ஞானிகள் தென்னைக்குப் பொட்டாஷ் உரம் போட்டுப் பார்த்தார்கள். காயில் சீசியம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. நம் தோட்டங்களில் மூட்டை மூட்டையாகக் கொட்டும் அதே உரம்!

ஆனால் சீசியம் 30 ஆண்டுகளில் பாதியாகிவிடும். தோரியத்துக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. உரம் போட்டும் தீராது. அதனால்தான் புக்கிட் மேரா கழிவை மலையில் புதைக்க வேண்டி வந்தது. கிளேடாங் மலைப் பகுதியில் புதைக்கப்பட்ட கழிவு 80,000க்கும் மேற்பட்ட இரும்பு உருளைகள் என்கிறார்கள். துப்புரவுச் செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர்.

2012 முதல் குவாந்தான் அருகே கெபெங்கில் லைனஸ் ஆலை ஆஸ்திரேலியத் தாதுவைச் சுத்திகரிக்கிறது. அங்கும் தோரியம் கலந்த கழிவு சேர்ந்திருக்கிறது. வேலை வாய்ப்பு, ஏற்றுமதி எல்லாம் சரிதான். குவியலுக்கு அடியில் என்ன விரித்திருக்கிறார்கள், சுற்றியுள்ள நிலத்தடி நீரை யார் சோதிக்கிறார்கள், அந்த முடிவு ஊர் மக்கள் கண்ணில் படுகிறதா என்று கேட்பது அந்நியச் சதி ஆகாது. புக்கிட் மேராவில் அந்த எட்டுப் பேர் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.