சத்தம் நின்றால் விழிக்கும் முகுளம்

பிரசவம் முடிந்த தங்கைக்கு ரத்தப்போக்கு. பிரஷர் 110/86, பயமில்லை என்றார்களாம். சற்று நேரத்தில் மயங்கிவிட்டாளாம். எப்படி என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். 110 பொய்யில்லை. அதைத் தாங்கிப் பிடிக்க அந்தப் பெண்ணின் நரம்புகள் பட்ட பாடுதான் யார் கண்ணிலும் படவில்லை.

தாடைக்குச் சற்றுக் கீழே கழுத்துத் தமனி இரண்டாகப் பிரிகிறது. அங்கே சுவர் கொஞ்சம் புடைத்திருக்கும். அதிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் நரம்பு நுனிகள் பின்னிக் கிடக்கின்றன. ரத்தம் மோதிச் சுவர் விரியும்போதெல்லாம் மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குத் துடிப்புகளை அனுப்புகின்றன. இதே இடங்கள் மூச்சையும் ஆளுகின்றன என்று காட்டியதற்குத்தான் பெல்ஜியத்தின் கார்னைல் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு.

என்னை வியக்க வைப்பது இதுதான்: ரத்தம் குறையும்போது இந்த நரம்புகள் அலறுவதில்லை, அடங்கிப்போகின்றன. எங்கள் தோட்டத்தில் அப்பா மோட்டார் கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். மோட்டார் ஓடும்வரை அசந்து தூங்குவார். கரண்ட் போய்ச் சத்தம் நின்றதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். முகுளமும் அப்படியே. துடிப்புகள் தளர்ந்ததும், அதுவரை அடக்கி வைத்திருந்த பரிவு நரம்புகளை அவிழ்த்துவிடுகிறது. சில நொடிகளில் இதயம் வேகமெடுக்கிறது. தோல், குடல், சிறுநீரகம் இவற்றின் சிறு தமனிகள் இறுகுகின்றன. உடலின் ரத்தத்தில் பாதிக்கு மேல் சிரைகளில்தான் இருக்கிறது. அவையும் சுருங்கி, இருப்பை இதயத்துக்குத் தள்ளுகின்றன. மூளைக்கும் இதயத்துக்கும் போகும் குழாய்கள் மட்டும் அவ்வளவாக இறுகுவதில்லை.

பெரியவர்களுக்கு ரத்தம் சுமார் 5 லிட்டர். அதில் ஒன்றரை லிட்டர் போகும்வரைகூட மேல் எண் பெரிதாக இறங்காமல் நிற்கலாம். அப்புறம் சரிவுதான். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவே கூடிவிடுவதால், பிரசவித்த பெண்ணிடம் இது இன்னும் தாமதமாகவே வெளியே தெரியும்.

அதனால்தான், மேல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் ஆறுவதில்லை. குழாய்கள் இறுகினால் கீழ் எண் ஏறும். அந்தத் தங்கையின் இரண்டு எண்களுக்கும் இடைவெளி வெறும் 24. வழக்கமாக 40 இருக்கும். நாடியை எண்ணுங்கள். அது மேல் எண்ணை எட்டிவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். கை சில்லிட்டு வேர்த்தால், பயத்தில் வேர்க்கிறது என்று சோடா வாங்க ஓடாதீர்கள். படுத்திருப்பவரைத் தூக்கி உட்காரவும் வைக்காதீர்கள். உட்கார்ந்ததும் ரத்தம் காலுக்கு இறங்கும். ஏற்கெனவே இறுகி நிற்கும் குழாய்களுக்கு இனி இறுக இடமில்லை.