மாசி மகமும் மூன்று மொழிகளும்

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தையொட்டி ஐந்து தேர்களும் அசைந்து வரும் அழகை அறியாதார் அவ்வூரில் இலர். ஆயின், 'மாசி மகம்' என்னும் சொற்களின் பொருளை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

மகம் ஒரு விண்மீன். நிறைமதி அதனை அடுத்து நிற்கும் மாதம் வடமொழியில் மாகம். அதுவே நம் நாவில் மாசியாயிற்று. சிம்ம ராசியிலுள்ள இம்மீனை ஆங்கிலத்தில் ரெகுலஸ் என்பர். இலத்தீனில் 'சிற்றரசன்' என்பது அதன் பொருள். பாரசீகரோ அரபு மொழியினின்று பெற்ற 'கல்புல் அசத்', அதாவது 'சிங்கத்தின் இதயம்' என்னும் பெயரை வழங்கினர்.

மீனின் பெயர் வேறாயினும், காலத்தை அளந்த கோல் ஒன்றே. பாரசீகத்தில் 'மாஹ்' என்றால் சந்திரன்; மாதமும் அதுவே. நம் 'திங்கள்' என்னும் சொல்லுக்கும் அவ்விரு பொருளும் உண்டு. ஆங்கிலத்தில் மாதத்தைக் குறிக்கும் 'மந்த்', சந்திரனைக் குறிக்கும் 'மூன்' என்பதற்கு உறவுச் சொல்லாகும்.

1983ஆம் ஆண்டுக் கலவரத்தில் இக்கோயிலுக்குத் தீ வைக்கப்பட்டது. பின்னர்த் தேர்கள் மீண்டும் வீதிவலம் வந்தன. மண்ணில் எது நேரினும், திங்கள் ஆண்டுதோறும் மகத்தை நாடி வரத் தவறுவதில்லை. தேரைக் கண்டு மகிழும் நம் குழந்தைகளுக்கு, அன்றிரவு மதியின் அருகே ஒளிரும் மகத்தையும் காட்டுவோமாக!