செயலற்றிருப்பதன் சொற்கள்

ஒருவர் எதுவும் செய்யாமல் இருக்கிறார் என்பதைச் சொல்லத் தமிழில் சொற்கள் பல உண்டு. அவற்றுள் எதை எடுத்தாலும், அவர் ஏன் செய்யவில்லை என்ற காரணமும், அது தகுமா தகாதா என்ற தீர்ப்பும் உடன் வந்துவிடும். பெங்களூரு ஒக்கலிபுரம் போல, தமிழும் கன்னடமும் அக்கம்பக்கத்தில் புழங்கும் இடங்களில் இந்த வேறுபாடுகள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

முதல் வகை, உடம்பு வணங்காத நிலை. 'சோம்பல்' வந்து போவது. காலையில் சோம்பல் முறிப்பவரை யாரும் குறை சொல்வதில்லை. அதுவே வழக்கமாகிவிட்டால் 'சோம்பேறி' என்ற வசை விழும். 'மந்தம்' என்பதில் பழி குறைவு. வயிறும் மந்தமாகும், வியாபாரமும் மந்தமாகும். திருக்குறளில் வரும் பழைய சொல் 'மடி'. 'மடியின்மை' என்னும் 61ஆம் அதிகாரம் ஊக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் நடுவில், அரசனுக்கு வேண்டிய பண்புகளின் வரிசையில் நிற்கிறது. ஒருவரின் சோம்பல் அவர் பிறந்த குடியையே கெடுக்கும் என்பது அங்கே கருத்து. கன்னடத்தில் 'மடி' என்றால் ஆசாரத் தூய்மை. சோம்பேறியை அங்கே 'சோமாரி' என்பார்கள். உழைப்புக்கு உடம்பை ஒளிப்பவர் 'மைகள்ள', அதாவது உடம்புக் கள்ளர். தமிழிலோ அவர் 'வேலைக்கள்ளர்'.

இரண்டாம் வகை, செய்ய வேண்டியவர் செய்யாதிருப்பது. இங்கே உடம்பின் பேச்சே இல்லை, கடமைதான் அளவுகோல். பேசவேண்டிய நேரத்தில் பேசாமலும் தடுக்கவேண்டிய நேரத்தில் தடுக்காமலும் இருப்பது 'வாளா இருத்தல்'. ஆபத்து வராது என்ற நம்பிக்கையில் அசைந்துகொடுக்காதது 'மெத்தனம்'. பொருட்டாகவே மதிக்காதது 'அலட்சியம்'. தெரிந்தும் தெரியாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வது 'பாராமுகம்'. ஆட்களை விட்டுக் கோப்புக்கும் திட்டத்துக்கும் சேர்வது 'கிடப்பு'. பெங்களூரு அல்சூரில் திருவள்ளுவர் சிலையைத் திறக்கும் முயற்சி 1991இல் எதிர்ப்பால் தடைபட்டது. 18 ஆண்டுகள் மூடியே இருந்த சிலை, 2009 ஆகஸ்டில், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையை நிறுவும் உடன்பாட்டோடுதான் திறக்கப்பட்டது. இதை யாருடைய சோம்பல் என்றும் சொல்ல முடியாது. கிடப்பில் கிடந்தது என்றே சொல்ல முடியும்.

மூன்றாம் வகை, எந்தப் பக்கமும் சேராமை. பகையும் இல்லை, நட்பும் இல்லை என்ற நிலைக்குப் பழந்தமிழ்ச் சொல் 'நொதுமல்'. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் மனித உறவுகளைப் பகை, நொதுமல், நட்பு என மூன்றாகப் பிரிக்கிறார். கன்னடத்தில் நடுநிலையாளர் 'தடஸ்த'. கரையில் நிற்பவர் என்பது இந்த வடசொல்லின் பொருள். 'உதாசீனம்' என்ற வடசொல்லும் விலகி அமர்ந்திருப்பதையே முதலில் குறித்தது. தமிழில் அது மெல்ல மெல்ல அவமதிப்பாகிவிட்டது. 'என்னை உதாசீனப்படுத்தினார்' என்பதில் நடுநிலை துளியும் இல்லை.

நான்காம் வகை, மக்கள் மதிக்கும் பொறுமை. 'பொறு' என்ற வினைக்குச் சுமை தாங்குதல் என்றும் பொருள் உண்டு. ஆகவே பொறுமை என்பதற்குள் வலிமை இருக்கிறது. திருப்பியடிக்க முடிந்தவர் அடிக்காமல் இருந்தால் பொறுமை. முடியாமல் இருந்தால் 'கையாலாகாத்தனம்'. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தென்னாப்பிரிக்காவில் காந்தி எதிர்கொண்ட சிக்கலும் இதுதான். 1906இல் தொடங்கிய இந்தியர் போராட்டத்துக்கு முதலில் வழங்கிய 'passive resistance' (செயலற்ற எதிர்ப்பு) என்ற ஆங்கிலப் பெயர், எதிர்க்க வலுவில்லாதவர் கைக்கொள்ளும் முறை என்ற எண்ணத்தை ஏற்படுத்தியது. வேறு பெயர் வேண்டி 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் போட்டி அறிவித்தார். மகன்லால் காந்தி தந்த 'சதாகிரகம்' திருத்தப்பட்டுச் 'சத்தியாகிரகம்' ஆனது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, 1914இல் உயிர்விட்டவர் தில்லையாடி வள்ளியம்மை.

எந்த வகையிலும் அடங்காதது 'சும்மா'. வேலையில்லாமல் இருப்பதும் சும்மா, காசில்லாமல் கிடைப்பதும் சும்மா, காரணமின்றி வந்ததும் சும்மா, விளையாட்டுக்குச் சொன்னதும் சும்மா. 'சும்மா சும்மா' என்று இரட்டித்தால் ஓயாமல் என்று நேர்மாறாகிவிடும். தாயுமானவர் முதல் ரமணர் வரை 'சும்மா இருத்தல்' என்பது மனம் அடங்கிய உயர்நிலை. கன்னடத்தின் 'சும்மனே' இதற்கு உறவு. அங்கே 'சும்மனிரு' என்றால் முதலில் வாயை மூடு என்றுதான் பொருள். தமிழில் 'சும்மா இரு' கையையும் சேர்த்துக் கட்டிப்போடும்.

கடைசியாக இலக்கணம். தாம் எதுவும் செய்யாமல் பிறர் செயலுக்கு ஆளாவதைச் செயப்பாட்டு வினை மூன்று துணைவினைகளால் சொல்லும். 'அடிக்கப்பட்டான்' என்பதில் உள்ள 'படு' துன்பப்படுவதையும் குறிக்கும் வினை. கன்னடத்திலும் 'மாடல்பட்டிது' என்று இதன் இணை உண்டு. 'கட்டுண்டான்' என்பதில் 'உண்' அனுபவத்தைக் காட்டும். 'பாராட்டப்பெற்றார்' என்பதில் 'பெறு' மரியாதை சேர்க்கும். பேச்சுத்தமிழுக்கு இவை அதிகம் தேவைப்படுவதில்லை. 'கதவைச் சாத்தியாச்சு' என்றாலே செய்தவர் மறைந்துவிடுவார். 'தடை விதிக்கப்பட்டுள்ளது' போன்ற தொடர்கள் அரசு அறிவிப்புகளில்தான் மிகுதி. செய்தவர் யார் என்று காட்ட 'ஆல்' உருபு இருக்கிறது. அறிவிப்புகளில் பெரும்பாலும் அது விடுபட்டிருக்கும்.