மஞ்சள் சொல்வதும் எண்ணெய் மறைப்பதும்

கொல்கத்தாவின் கிடர்பூரில், துறைமுகத்தை ஒட்டிய பகுதியில், ஆர்ஃபன்கஞ்ச் என்னும் பழைய சந்தை உள்ளது. மஞ்சள், கடுகு, எலுமிச்சை, வெற்றிலைச் சுண்ணாம்பு, சிவப்புச் செம்பருத்தி ஆகியவற்றை இத்தகைய சந்தையில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். வங்காளியர் வீட்டில் கடுகும், தமிழர் வீட்டில் மஞ்சளும் இல்லாத நாளில்லை. இவற்றோடு ஆப்பசோடாவும் கொஞ்சம் சோப்பும் சேர்ந்துவிட்டால் விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சிறிய வேதியியல் கூடமே அமைந்துவிடும்.

மஞ்சளிலிருந்தே தொடங்குவோம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் அது குருதி நிறம் கொள்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்புப் பட்டதும் கறை சிவப்பதும் இதே வினைதான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் அமிலத்திலும் வெறும் நீரிலும் மஞ்சளாகவே இருக்கும். காரத்தன்மை மிகும்போது செம்பழுப்பாக மாறும். மஞ்சள் கரைசலில் வெள்ளைத்தாளை நனைத்து உலர்த்தித் துண்டுகளாக வெட்டிக்கொண்டால், சோப்பு நீர், சலவைச் சோடா, சுண்ணாம்பு நீர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் திரும்பி வரும். பிள்ளைகளை மிகவும் கவர்வது இந்தத் திரும்புதல்தான்.

மஞ்சளுக்குக் காரத்தை மட்டுமே காட்டத் தெரியும். காளிகாட் கோயிலில் அன்னைக்குச் சூட்டும் செம்பருத்திக்கோ இரண்டும் தெரியும். இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாறு, எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பாகும். சோப்பு நீர் பட்டால் பச்சையாகும்.

இங்கே ஒரு கண்டிப்பு வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஆகவே அதைப் பெரியவர்களே கையாள வேண்டும். ஆப்பசோடாவையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து புட்டியை இறுக மூடினால், உள்ளே எழும் வாயு புட்டியை வெடிக்கச் செய்யும். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகக் கலக்கலாகாது. எழுவது குளோரின், நச்சுவாயு.

வீட்டையே தொழிற்கூடமாக்கிய ஒருவர் இந்நகரில் வாழ்ந்தார். எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1889இல் பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த பிரபுல்ல சந்திர ராய்தான் அவர். கிடர்பூர்த் துறை திறக்கப்பட்ட 1892ஆம் ஆண்டையொட்டிய காலம் அது. அயல்நாட்டு மருந்துகள் கப்பலில் வந்துகொண்டிருக்க, அவர் அப்பர் சர்க்குலர் சாலை வீட்டில் சொந்தச் சேமிப்பைக் கொண்டு மருந்துப் பொருள்கள் செய்ய முயன்றார். மாட்டெலும்பிலிருந்து சோடியம் பாஸ்பேட் எடுக்க எண்ணி, எலும்புகளை மாடியில் உலரப் போட்டார். மழை பிடித்துக்கொண்டது, நாற்றம் எழுந்தது, காக்கைகள் துண்டுகளைக் கவ்வி அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டன. அண்டை வீட்டார் பொறுப்பார்களா? எலும்புகளை ஊருக்கு ஒதுக்குப்புறமாக அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. அந்த முயற்சிகளே 1901இல் பெங்கால் கெமிக்கல் நிறுவனமாக வளர்ந்தன.

வீட்டுச் சோதனையால் கலப்படத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று வாசகர்கள் கேட்பதுண்டு. ஓரளவுக்கு இயலும். காய்ச்சி ஆறவைத்த பாலில் இரண்டு சொட்டு அயோடின் டிங்க்சர் விட்டு, அது நீலமானால் மாவு கலந்திருக்கிறது. ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைத் தூவி அசையாமல் வைத்தால், நல்ல தூள் அடியில் படிந்து நீர் வெளிர்மஞ்சளாக நிற்கும். அடர்மஞ்சளாக நின்றால் சாயம் என ஐயுறலாம். ஆனால் இச்சோதனை நீரில் கரையும் சாயத்தையே காட்டும். மஞ்சளுக்குப் பளபளப்பூட்டச் சிலர் சேர்க்கும் ஈயக் குரோமேட் நீரில் கரையாதது. அதுவும் தூளோடு அடியில் படிந்துவிடும். நீர் வெளிறியிருப்பதால் மட்டும் மஞ்சள் தூயது என்று முடிவு செய்ய இயலாது.

கடுகிலும் இதே நிலைதான். பிரமதண்டின் விதை கடுகைப் போலவே கருத்துச் சிறுத்திருக்கும். கடுகின் மேல்தோல் வழவழப்பாகவும், பிரமதண்டு விதை சொரசொரப்பாகவும் இருக்கும். நசுக்கினால் கடுகின் உள்ளே மஞ்சள், மற்றதன் உள்ளே வெள்ளை. ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி போதும். ஆனால் செக்கிலிட்டு எண்ணெயாக ஆட்டிவிட்டால் கண்ணாடியால் பயனில்லை. பிரமதண்டு எண்ணெயால் கால்கள் வீங்கி இதயம் தளரும் டிராப்சி நோய் 1877இல் கொல்கத்தாவில் பதிவாயிற்று. 1998இல் தில்லியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதனால் இறந்தனர்.

கிடர்பூரில் தொடங்கும் டயமண்ட் ஹார்பர் சாலையில் தெற்கே சென்றால் பெஹாலா வரும். 1988இல் அங்கே சமையல் எண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்துவிட, நூற்றுக்கணக்கானோரின் கைகால்கள் செயலிழந்தன. எண்ணெயை ஊற்றியபோது நிறமோ மணமோ யாருக்கும் எச்சரிக்கை தரவில்லை. மளிகை வாங்கிய குடும்பங்களின் மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

ஐயம் வலுத்தால் வாங்குவோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, கட்டணம் செலுத்தி, வாங்கிய பொருளை அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அவ்வாறு சோதிக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட வேண்டும். பொருள் சட்டத்திற்கு முரணானது என்று அறிக்கை வந்தால், கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.