தொழிற்பயிற்சிக் கல்விக்கு அரசாங்க உதவி: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

ஐந்தாம் படிவத்தை முடித்த மகனையோ மகளையோ மேற்கொண்டு எங்கே படிக்க வைப்பது, அதற்குரிய செலவை எங்ஙனம் சமாளிப்பது என்னும் கவலை, பால்மரத் தோட்டங்களில் வாழும் பெற்றோர் பலருக்கு ஆண்டுதோறும் எழுவதாகும். பல்கலைக்கழகக் கல்வி ஒன்றே கல்வி எனக் கருதி, அது கிட்டாதபோது பிள்ளையை உடனே வேலைக்கு அனுப்பிவிடுவோரும் உளர். அவ்வாறு முடிவு செய்யுமுன் தொழிற்பயிற்சிக் கல்வியைப் பற்றியும், அதற்குக் கிடைக்கும் உதவிகளைப் பற்றியும் அறிந்துகொள்வது நலம்.

பத்து காவான் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். செபராங் பிறையின் தென்பகுதியிலுள்ள இவ்வட்டாரம் முன்னாளில் தோட்டங்கள் நிறைந்திருந்த இடமாகும். தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி அதற்குச் சான்று. பின்னர் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் இங்குத் தொழிற்பேட்டையை உருவாக்கியது. 2014 மார்ச் 1ஆம் நாள், ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்டு, தீவிலுள்ள பத்து மாவுங்கைப் பத்து காவானுடன் இணைத்தது. மரங்கள் நின்ற நிலத்தில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. அவற்றில் நம் பிள்ளைகளுக்குத் துப்புரவுப் பணியும் வாயிற்காவலும் மட்டுமே கிட்டுமா, அல்லது இயந்திரங்களை இயக்கிப் பழுதுபார்க்கும் பொறுப்பும் கிட்டுமா என்பது பெரும்பாலும் அவர்கள் பெற்றுள்ள திறனையும் சான்றிதழையும் பொறுத்ததாகும்.

இப்பயிற்சியைப் பெற நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நிபோங் திபாலில் கல்வி அமைச்சின் தொழிற்கல்லூரி உள்ளது. அதே வட்டாரத்தில், ஆறுமுகம் பிள்ளை அவர்களின் பெயரைத் தாங்கிய தொழிற்பயிற்சிக் கழகம் மனிதவள அமைச்சின்கீழ் இயங்குகிறது. பாலத்தைக் கடந்தால், 1989இல் மாநில அரசும் தொழில்துறையும் கல்வித்துறையும் சேர்ந்து உருவாக்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் பாயான் லெப்பாசில் உள்ளது. அரசாங்கப் பயிற்சி நிலையங்களில் பயிற்சிச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. கையில் பணமாக வராவிடினும், இதுவே முதற்பெரும் உதவியாகும். ஆகவே முதலில் இந்நிலையங்களுக்கே விண்ணப்பித்தல் அறிவுடைமை.

மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளை உடையது. அதற்கு மேல் திறன் டிப்ளோமாவும் உயர்நிலைத் திறன் டிப்ளோமாவும் உள்ளன. முதல் நிலையில் சேர எழுதப் படிக்கத் தெரிந்திருத்தலே அடிப்படைத் தேவையாகும். எனவே எஸ்.பி.எம். தேர்வில் சிறக்காத பிள்ளையும் இப்படிகளில் ஒவ்வொன்றாக ஏறிச் செல்லலாம்.

தனியார் நிலையத்தில் சேர விரும்புவோர் இரண்டு செய்திகளை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, அந்நிலையமும் அப்பயிற்சியும் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்றுள்ளனவா என்பது. அங்கீகாரமில்லாத இடத்தில் செலவிடும் பணமும் காலமும் வீணே. இரண்டாவது, உதவித் தொகைக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாடு. உதவித் தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டுவதில்லை. கடனைச் செலுத்தியே ஆகவேண்டும். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் வழங்குவது கடனாகும். கட்டணம் பயிற்சி நிலையத்துக்கே நேரே சென்றுவிடுவதால், படிப்பு இலவசம் எனப் பெற்றோர் தவறாக எண்ணிவிடக்கூடும். ஆயினும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் பயிற்சி பெறும் பிள்ளையே. பின்னாளில் பொறுப்பேற்க வேண்டியவரும் அவரே. எனவே எவரேனும் தாளை நீட்டி "இங்கே கையெழுத்திடுங்கள்" என்றால், இது உதவித் தொகையா, கடனா, எவ்வளவு, எப்போது முதல் செலுத்த வேண்டும் என்று கேட்டுத் தெளிந்த பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும்.

டிப்ளோமா முதலான உயர்கல்விக்குத் தொழிலாளர்கள் தங்கள் ஊழியர் சேமநிதியிலிருந்தும் பிள்ளைகளுக்காகப் பணம் எடுக்கலாம். எனினும் அது முதுமைக்கால நிதி. வேறு வழிகளை ஆராய்ந்த பின்னரே அதனைத் தொடுதல் நன்று.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க ஏற்பட்டது. 2024இல் மாணவர்களுக்காகத் தமிழ்ப் புதல்வன் திட்டம் பிறந்தது. கல்லூரிகளோடு தொழிற்பயிற்சி நிலையங்களில் பயில்வோரும் இவற்றில் சேர்க்கப்பட்டனர். கைத்தொழிற் கல்வியும் உயர்கல்வியே என்பதை இது நன்கு உணர்த்துகிறது.

இறுதியாக ஒன்று. எவ்வுதவிக்கும் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ்கள், பெற்றோரின் சம்பளச் சீட்டு ஆகியவை கேட்கப்படலாம். பத்திரங்கள் சரியாக இல்லாமையால் வாய்ப்பை இழப்பது மிகவும் வருந்தத்தக்கது. குறையிருப்பின் தேசியப் பதிவுத் துறை அலுவலகத்தை நாடி, பிள்ளை பள்ளியில் பயிலும்போதே அதனைச் சரிசெய்துகொள்ளல் வேண்டும். விண்ணப்ப நாள் நெருங்கிய பின் ஓடுவதால் பயனில்லை. விடியுமுன் எழுந்து மரம் சீவச் செல்லும் தொழிலாளருக்குக் காலத்தின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?