இறுகும் எண்ணெய் வண்ணம்

உலர்ந்த நீர்வண்ணத்தில் சில துளி நீர் விட்டால் அது மீண்டும் கரையும். எண்ணெய் வண்ணம் அத்தகையதன்று. நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து இவ்வண்ணம் உருவாக்கப்படுகிறது. இதில் ஆவியாவதற்கு நீர் இல்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிவதால், அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் இறுகுகின்றன. இவ்வாறு முற்றிலும் இறுகிய வண்ணத்தை எண்ணெயாலோ டர்பென்டைனாலோ பழைய நிலைக்குக் கொணர இயலாது.

ஆயினும், குழாயின் வாய் அடைபட்டதைக் கண்டு முழுவதையும் எறிந்துவிடுதல் கூடாது. காற்றுப்படும் மேற்பரப்பே முதலில் இறுகும். மேலே படிந்த ஏட்டை நீக்கினால் உள்ளே மென்மையான வண்ணம் எஞ்சியிருக்கலாம். அது சற்றே கெட்டியாயிருப்பின், சில துளி ஆளிவிதை எண்ணெய் சேர்த்துக் குழைத்துப் பயன்படுத்தலாம்.

முன்னர் ஐரோப்பிய ஓவியர்கள் பன்றியின் சிறுநீர்ப்பையில் வண்ணத்தைக் கட்டிவைத்தனர். துளையிட்டு எடுத்தபின் அதனைச் செம்மையாக மூட இயலவில்லை. 1841ஆம் ஆண்டில் ஜான் காஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், பிதுக்கி எடுக்கத்தக்க வெள்ளீயக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வண்ணம் நெடுநாள் இறுகாதிருந்தமையால், ஓவியர்கள் ஆற்றங்கரைக்கும் வயல்வெளிக்கும் அதனைக் கொண்டுசென்று தீட்டுதல் எளிதாயிற்று. இன்றும் காற்றைத் தடுப்பதே வண்ணத்தைக் காக்கும் வழியாகும். குழாயை அடியிலிருந்து சுருட்டி, வாயைத் துடைத்து, உடனே மூடுதல் வேண்டும்.