முதல் மழையில் நிற்காத வண்டிகள்

மதுரைக்காரர்களுக்கு மழை ஒரு விருந்தாளி. சித்திரை வெயிலில் காய்ந்து, ஆடிக் காற்றில் புழுதி குடித்து, ஐப்பசியில் வானம் கறுக்கும்போது வீட்டுக்குள் இருப்பவர்களும் வாசலுக்கு வந்து நிற்பது இங்கு வழக்கம். அந்த மண்வாசனையை நானும் விரும்புகிறவன்தான். ஆனால், சில ஆண்டுகளாக முதல் தூறல் விழும்போதெல்லாம் என் கை வலது முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறது.

அன்று மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். தூறல் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வேகம் 50 கி.மீ.க்கு மேல் இருக்காது. கிளைச் சாலையிலிருந்து ஓர் ஆடு குறுக்கே ஓடிவந்தது. கால் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தேன். பின்சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பதற்றத்தில் முன் பிரேக்கையும் ஒரே பிடியாக இறுக்கினேன். அடுத்த கணம் சாலையில் கிடந்தேன். ஆடு பத்திரமாகப் போய்விட்டது. பின்னால் லாரி ஏதும் வரவில்லை என்பதால் இதை எழுத முடிகிறது. தவறு ஆட்டினுடையதும் அல்ல, மழையினுடையதும் அல்ல. இருபது ஆண்டுகள் வண்டி ஓட்டியும், அதை ஈரத்தில் நிறுத்தக் கற்றுக்கொள்ளாதது என் தவறு.

பனி உறையும் நாடுகளில் இந்தப் பாடத்தை யாரும் விபத்துக்குப் பிறகு கற்பதில்லை. ஸ்வீடனில் கார் ஓட்டுநர் உரிமம் பெற விரும்புவோர், வழுக்கும் தளத்தில் வண்டியைக் கையாளும் பயிற்சியை முடித்தாக வேண்டும். குளிர்காலத்துக்கென்று தனி டயர்களும் அங்கு உண்டு. நமக்குப் பனி இல்லை. எனவே, வழுக்கலும் இல்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இயற்பியல் அப்படி எண்ணுவதில்லை. டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிமானத்தை உராய்வுக் கெழு என்ற எண்ணால் அளக்கிறார்கள். காய்ந்த தார்ச்சாலையில் அது ஏறத்தாழ 0.7, நனைந்த சாலையில் 0.4 அளவுக்கு இறங்கிவிடும்; உறைபனியில் 0.1தான். மாதக்கணக்கில் மழை காணாத சாலையில் எண்ணெய்க் கசிவும், டயர் தேய்ந்த ரப்பர்த் துகளும், புழுதியும் படிந்திருக்கின்றன. முதல் தூறல் இவற்றைக் கழுவிச் செல்வதில்லை. குழைத்து மெழுகுபோலப் பூசிவிடுகிறது. நன்றாகப் பெய்து சாலை கழுவப்பட்ட பிறகு பிடிமானம் ஓரளவு திரும்பும். எனவே, பெருமழையைவிட முதல் சில நிமிடத் தூறலே அதிகமாக ஏமாற்றுகிறது.

இதோடு நம் வட்டாரத்துக்கே உரிய சில வழுக்கல்களும் உண்டு. திருமங்கலம், பேரையூர்ப் பகுதிகளில் டிராக்டர் சக்கரங்கள் வயலிலிருந்து சாலைக்கு இழுத்து வரும் கரிசல் மண், நனைந்தால் களிம்பாகிவிடும். அறுவடைக் காலத்தில் மேலூர், வாடிப்பட்டி வட்டாரச் சாலைகளில் காயவைக்கப்படும் நெல்லும் வைக்கோலும் காய்ந்த நிலையிலேயே சக்கரத்தை உருட்டிவிடும். நனைந்தால் கேட்கவே வேண்டாம். நகருக்குள் வந்தால் பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடிகள். 2023-இல் திறக்கப்பட்ட நத்தம் சாலைப் பறக்கும் பாலம் உட்பட எல்லாப் பாலங்களிலும் குறுக்கே வரும் இணைப்புப் பட்டைகள் மழையில் கவனத்துக்கு உரியவை.

இனி பிரேக்குக்கு வருவோம். பிரேக் வண்டியை நிறுத்துவதில்லை. சக்கரத்தை மட்டுமே நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. உருளும் டயர் சாலையைப் பற்றிக்கொள்ளும். சுழற்சி நின்றுபோன டயர் சாலையின்மீது சறுக்கும். சறுக்கும் டயருக்குப் பிடிமானம் குறைவு. அதைவிட முக்கியமாக, அதற்குத் திசை கிடையாது. ஹேண்டில்பாரையோ ஸ்டீயரிங்கையோ எந்தப் பக்கம் திருப்பினாலும் அது போகிற போக்கில்தான் போகும். மெக்கானிக்குகள் 'வீல் லாக்' என்று சொல்வது இதைத்தான்.

இதைத் தடுக்கப் பிறந்ததே ஏபிஎஸ். 1978-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு அமைப்பு மெர்சிடிஸ் கார்களில் வந்தது. மோட்டார் சைக்கிளில் 1988-இல் பிஎம்டபிள்யூ அறிமுகம் செய்தது. சக்கரம் நிற்கப்போவதை உணர்கருவி கண்டறிந்து, பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை தளர்த்தி இறுக்குகிறது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல் இருசக்கர வாகனங்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்குக் கீழ்ப்பட்ட வண்டிகளுக்கு சிபிஎஸ் எனும் கூட்டு பிரேக் போதும் என்று விதி அமைந்தது. ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரங்களுக்கும் அழுத்தம் பகிரப்படும் என்பதே சிபிஎஸ். சக்கரம் நின்றுபோவதை அது தடுக்காது. இரண்டும் ஒன்றே என்று நினைப்பவர்கள் பலர்.

எல்லா இருசக்கர வாகனங்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாக்கும் வரைவு 2025-இல் மத்திய அரசால் வெளியிடப்பட்டது. நல்ல நோக்கம். ஆனால், விதி புதிய வண்டிகளுக்குத்தான். 2018-இல் ஏபிஎஸ் இல்லாமல் வாங்கிய வண்டியின் 15 ஆண்டுப் பதிவு 2033 வரை செல்லும். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும் பழைய மொபெட்டுகளையும் ஸ்கூட்டர்களையும் எண்ணிப் பார்த்தால், இன்னும் பத்தாண்டுகளுக்கேனும் நம்மில் பலருக்கு ஏபிஎஸ் என்பது நம் கையும் காலும்தான் என்பது விளங்கும். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? முதல் மருந்து வேகக் குறைப்பு. அதன் பலன் நாம் நினைப்பதைவிடப் பெரிது. நனைந்த சாலையில் 60 கி.மீ. வேகத்தில் செல்பவர், ஆபத்தை உணர ஒரு நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள்ளேயே சுமார் 17 மீட்டர் கடந்துவிடுவார். பிரேக் பிடித்து நிற்க மேலும் 35 மீட்டர். ஆக 52 மீட்டர். அதே சாலையில் 40 கி.மீ. வேகத்தில் சென்றால் 11-உம் 16-உம் சேர்ந்து 27 மீட்டர்தான். வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால், நிற்கும் தொலைவு பாதியாகிறது. இதை எந்தக் கருவியும் நமக்கு விலையின்றித் தராது.

இரண்டாவது, முன் பிரேக்கைப் பற்றிய அச்சத்தைக் களைதல். 'முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும்' என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உண்மையில் வண்டி வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு நகர்வதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. கவிழ்ப்பது அந்த பிரேக் அல்ல, அதை வெடுக்கென்று இறுக்கும் கை. இரு பிரேக்குகளையும் சேர்த்து, எலுமிச்சையைப் பிழிவதுபோல மெதுவாகத் தொடங்கி, எடை முன்னால் வந்த பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். முன்சக்கரம் சறுக்குவதை உணர்ந்தால் உடனே தளர்த்தி, மறுபடி மென்மையாகப் பிடிக்க வேண்டும். வளைவில் பிரேக் பிடிப்பதைவிட, வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் வேகத்தைக் குறைத்துக்கொள்வது மேல். கியர் வண்டியில் கிளட்சைப் பிடித்தபடி உருளாமல், கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து என்ஜினையே தடையாகப் பயன்படுத்தலாம்.

ஏபிஎஸ் இல்லாத பழைய காரில் சக்கரங்கள் நின்று வண்டி சறுக்கினால், பெடலிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்த வேண்டும். சக்கரம் உருளத் தொடங்கியதும் திசை திரும்பக் கிடைக்கும். பிறகு மீண்டும் அழுத்த வேண்டும். பனிச்சாலை ஓட்டுநர்கள் தலைமுறைகளாகக் கையாண்ட முறை இது. ஏபிஎஸ் உள்ள காரில் இதைச் செய்யக் கூடாது. பெடலை உறுதியாக அழுத்தியபடி ஸ்டீயரிங்கைத் திருப்பினால் போதும். கால் அதிர்வதைக் கண்டு பயந்து பெடலை விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, டயர். பட்டன் எனப்படும் டயர்ப் பள்ளங்களின் ஆழம் இருசக்கர வாகனங்களுக்கு 0.8 மி.மீ.க்கும், கார்களுக்கு 1.6 மி.மீ.க்கும் குறையக் கூடாது என்கிறது மோட்டார் வாகன விதி. அந்தப் பள்ளங்கள் நீர் வெளியேறும் வாய்க்கால்கள். வாய்க்கால் தூர்ந்தால் நீர் எங்கே போகும் என்பதை வைகைக் கரையில் வாழும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. காற்றழுத்தம் குறைந்த கார் டயர், தேங்கிய நீரின்மீது குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 1980-களில் மியூனிக் நகர வாடகைக் கார்களில் நடந்த ஆய்வு ஒன்றில், ஏபிஎஸ் பொருத்திய கார்களுக்கும் பொருத்தாத கார்களுக்கும் விபத்து எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. பாதுகாப்பு கூடியதாக நம்பிய ஓட்டுநர்கள் வேகத்தையும் துணிவையும் கூட்டிக்கொண்டதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். கருவி பிழையைத் திருத்தலாம், பேராசையைத் திருத்தாது.

ஓட்டுநர் உரிமத்துக்காக நான் சென்ற நாளில் எட்டுப் போடச் சொன்னார்கள், போட்டேன். திடீரென்று நிறுத்திக் காட்டச் சொல்லவில்லை. ஒவ்வொரு தேர்வுத் தளத்திலும் 30 மீட்டர் தளத்தை நனைத்து, ஒருமுறையேனும் நிறுத்திக் காட்டச் சொல்வது அரசுக்குப் பெரும் செலவல்ல. நெல்லைச் சாலையில் காயவைக்கும் விவசாயியைத் திட்டிப் பயனில்லை. அவருக்குக் களம் இல்லை. ஊர்தோறும் உலர்களம் அமைப்பதும் சாலைப் பாதுகாப்புப் பணியே.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆளில்லாத ஒரு திடலில், குறைந்த வேகத்தில், முன் பிரேக்கைப் பிழிந்து நிறுத்திப் பழகுவது. என் முழங்கால் ஆறிய பிறகு நான் செய்த முதல் வேலை அதுதான். இப்போது என் மகனுக்கும் அதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன். வண்டியைக் கிளப்ப அவன் ஒரே நாளில் பழகிவிட்டான். நிறுத்த இன்னும் பழகிக்கொண்டிருக்கிறான். ஐப்பசிக்குள் பழகிவிடுவான் என்று நம்புகிறேன்.